வெளிநாட்டுப் பணம் – எவ்வளவு அனுப்புவது, யார் முடிவு செய்வது?



நம் குழுக்களில் பலருடைய வீட்டுக்காரர், மகன் துபாயிலும் சவூதியிலும் வேலை பார்க்கிறார்கள். "இந்த மாசம் ஏன் குறைச்சலா அனுப்பினீங்க?" என்று கேட்டு போனிலேயே சண்டை வருகிறது. அந்தத் தொகை எப்படி முடிவாகிறது என்று பார்ப்போம்.

துபாயில் 1,200 திர்ஹம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். தங்கும் இடம் கம்பெனி கொடுத்தாலும் சாப்பாட்டுக்கு 300, போன், சில்லறைச் செலவுக்கு 100 போய்விடும். மிச்சம் 800. ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்றால் 18,400 ரூபாய். ஓவர்டைம் இல்லாத மாதம், உடம்பு முடியாத மாதம் இதுவும் குறையும். அதனால் பலர் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அது ஒளிக்கிறது இல்லைங்க, முன்ஜாக்கிரதை.

பண மதிப்பும் ஒரு காரணம். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று நிலையாக உள்ளது. எனவே டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால் நமக்குக் கூடுதலாக வரும். 22 ரூபாய் 23 ஆனால், அதே 800 திர்ஹத்துக்கு 800 ரூபாய் அதிகம். சிலர் நல்ல ரேட்டுக்காகக் காத்திருப்பதும் இதனால்தான். ஆனால் குழுத் தவணை தேதி காத்திருக்காதே! அந்தத் தேதியை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உண்மையில் தொகையை முடிவு செய்வது பெரும்பாலும் கடன்தான். ஏஜெண்டுக்குக் கட்ட ஒன்றரை லட்சம் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால், மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். அதே தொகை ஒரு வட்டிக்குக் குழுக் கடனாகக் கிடைத்தால் 1,500தான். மிச்சமாகும் 3,000 ரூபாயை மாதாமாதம் அசலில் கட்டலாம். அரசு விதிப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அடுத்துப் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பேசுங்கள்.

செய்ய வேண்டியவை:

• ஜூனில் பள்ளிக் கட்டணம், பிறகு தீபாவளி, பொங்கல் – வருடச் செலவை இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.

• ஒவ்வொரு முறை அனுப்பவும் கட்டணம் உண்டு. மூன்று தடவையாக வேண்டாம், ஒரே தடவையாக அனுப்பச் சொல்லுங்கள்.

• உண்டியல் மூலம் வேண்டாம். அது சட்டவிரோதம். பணம் வராவிட்டால் கேட்க ரசீதும் இருக்காது. வங்கிக் கணக்கிலேயே வரட்டும்.

• வந்ததும் முதலில் கடன், அடுத்து சேமிப்பு, பிறகே மற்றவை.

அவர் சம்பளக் கணக்கைச் சொல்லட்டும், நீங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லுங்கள். இரண்டு கணக்கும் ஒரே நோட்டில் இருந்தால் சந்தேகத்துக்கு இடமேது? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.