கோடையில் உடல் அரிப்பு: மெடிக்கல் கடை டியூபைத் தடவும் முன்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், ஜும்ஆ முடிந்து என்னிடம் வரும் கேள்விகளும் மாறிவிடும். சென்ற கோடையில் ஒரு சகோதரர் எல்லோரும் கலையும்வரை தூணருகிலேயே நின்றிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹஜ்ரத், தொடை இடுக்கில் ஒரே அரிப்பு. தொழுகையில் நிற்கவே முடியல. சொறிந்தால் தொழுகை முறிந்துவிடுமா?" என்று கேட்டார்.

அடுத்தடுத்து மூன்று முறை கையை அசைத்தால் தொழுகை முறியும், ஆனால் அடக்கவே முடியாத அரிப்புக்குச் சலுகை உண்டு என்று ஷாஃபிஈ சட்ட நூல்களில் உள்ளதைச் சொன்னேன். "சரி, அதற்கு என்ன தடவுகிறீர்கள்?" என்று கேட்டதும் சட்டைப் பையிலிருந்து நசுங்கிய டியூப் ஒன்றை எடுத்தார். மெடிக்கலில் கேட்டு வாங்கியது. இரண்டு மாதமாகத் தடவுகிறாராம். "போட்டால் இரண்டே நாளில் அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வருகிறது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வேறு வேறு ஆட்களிடமிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்குப் பட்டாடை ஹராம் என்பது நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் சுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு இருந்ததால் பட்டுச் சட்டை அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர், தங்கள் உடல் அரிப்பை மறைக்கவில்லை. அந்த அரிப்புக்காக ஒரு தடையே தளர்த்தப்பட்டது. நாமோ மனைவியிடம்கூடச் சொல்லாமல் டியூபை அலமாரிக்குள் ஒளித்து வைக்கிறோம்.

கோடையில் வரும் அரிப்பு எல்லாம் ஒன்றல்ல. எது என்று தெரியாமல் தடவுவதில்தான் தவறு தொடங்குகிறது.

மிகச் சாதாரணமானது வேர்க்குரு. வியர்வை வெளியே வரும் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தங்கிச் சிறு சிறு பொரியாக எழும். குழந்தைகளுக்குக் கழுத்து, முதுகு. பெரியவர்களுக்கு உடை இறுக்கும் இடங்கள். இதற்கு மருந்தைவிடக் காற்றுதான் முக்கியம். குளிர்ந்த நீரில் குளித்து, துடைத்து, மெல்லிய பருத்தி உடையில் விசிறிக்குக் கீழே இருந்தால் சில நாட்களில் அடங்கும். கேலமைன் லோஷன் தடவலாம். பச்சிளம் குழந்தையின் கழுத்து மடிப்பில் பவுடரை அப்பி வைப்பது நம் வீடுகளில் அதிகம். வியர்வையோடு சேர்ந்து அது உருண்டு புண்ணாக்கும். வேர்க்குருவின் மேல் கெட்டியான எண்ணெயும் வேண்டாம். நுங்கு நீர் தடவுவது நம் பாட்டிகளின் வழக்கம். குளிர்ச்சி தருகிறது, பிறகு கழுவிவிட்டால் போதும். எலுமிச்சைச் சாறு மட்டும் கூடவே கூடாது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும். அத்தரையும் நேரடியாகத் தோலில் தடவாமல் உடையில் பூசிக்கொள்வது நல்லது; சிலருக்கு அதுவே ஒவ்வாமையாகி அரிக்கிறது.

அந்தச் சகோதரருக்கு வந்தது வேர்க்குரு அல்ல, படர்தாமரை. இது பூஞ்சைக் கிருமியால் வருவது. தொடை இடுக்கு, அக்குள், இடுப்பில் கைலி முடிச்சுப் போடும் இடம், பெண்களுக்கு மார்பின் கீழ்ப்பகுதி என ஈரமும் சூடும் தங்கும் இடங்களில் வட்டமாகப் படரும். ஓரம் சிவந்து தடித்திருக்க, நடுப்பகுதி தெளிந்திருக்கும்.

கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் பல டியூப்களில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. டியூபின் மேல் சிறிய எழுத்தில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் சட்டென்று அடக்கும், அதனால் குணமாகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது அடக்குவது கிருமியை அல்ல, கிருமியை எதிர்த்துப் போராடும் நம் தோலின் சக்தியை. காவலாளியைத் தூங்க வைத்த வீட்டில் திருடன் நிதானமாக எல்லா அறைகளுக்கும் போவது போல, பூஞ்சை உள்ளே பரவும். நிறுத்தியதும் வட்டத்துக்குள் வட்டமாகத் திரும்பி வரும். மாதக் கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடையில் வரி வரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் முழுதாக மறைவதில்லை.

இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசே அறிவித்தது. ஆனாலும் வாங்குகிறோம், கொடுக்கிறார்கள். சில ஆண்டுகளாக நம் நாட்டில் வழக்கமான மாத்திரைக்கும் எளிதில் அடங்காத படர்தாமரை பரவியிருப்பதற்கு இந்த டியூப் பழக்கமும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது, செலவு பெரிதில்லை. மருத்துவர் தரும் மருந்தை, அரிப்பு போன பிறகும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்துவதும் கடை டியூபும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது: துண்டு, கைலி, பனியன் ஆளுக்குத் தனி. துவைத்து உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயட்டும். உளூ செய்தபின் கால் விரல் இடுக்குகளைத் துடையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை நனையும் கால் ஈரத்தோடு சாக்ஸுக்குள் போனால் அங்கேயும் பூஞ்சை வரும். பர்தாவுக்கு வியர்வை உறிஞ்சாத பாலியெஸ்டரைவிட லேசான துணியைத் தேர்ந்தெடுங்கள், உள்ளே பருத்தி உடை இருக்கட்டும். திரும்பத் திரும்பப் படர்தாமரை வருபவர்கள் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தோலில் எதுவுமே தெரியாமல் வாரக்கணக்கில் உடல் முழுக்க அரித்தால், வயதானவர்கள் குறிப்பாக, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு சோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று சொறிசிரங்கு. இரவில் அதிகம் அரிக்கும்; விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொரிப்பொரியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் குடைவதால் வருவது. நான் ஓதிய காலத்தில் விடுதியில் ஒருவனுக்கு வந்தால் பாயோடு பாயாக வரிசை முழுக்க வரும். அரிப்பவனுக்கு மட்டும் மருந்து போடுவார்கள், அடுத்த மாதம் அவனுக்கே திரும்ப வரும். நான்கு ஆண்டு இப்படியே ஓடியது. பெர்மெத்ரின் போன்ற மருந்தை மருத்துவர் சொன்னபடி கழுத்துக்குக் கீழே உடல் முழுக்க, அரிப்பு இல்லாதவர் உட்பட அந்த வீட்டிலோ அறையிலோ உள்ள அனைவரும் ஒரே இரவில் தடவ வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அன்றே விரிப்பும் உடைகளும் வெந்நீரில் துவைக்கப்பட வேண்டும். பிள்ளைகளை விடுதியில் சேர்த்திருக்கும் பெற்றோர் விடுமுறைக்கு வந்ததும் அவர்கள் கைவிரல் இடுக்கைப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சகோதரர் மறுவாரம் தோல் மருத்துவரிடம் போனார். மருத்துவர் முதலில் கேட்டது, "வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா?" இவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, இரவு மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு ஐந்து மாதமாக இருந்திருக்கிறது. இவருடைய டியூபைத்தான் அலமாரியிலிருந்து எடுத்து, சொல்லாமல் தடவிக்கொண்டிருந்தாராம்.