எந்தத் தொழிற்சாலை ‘பேரபாயம்’ கொண்டது? அளவே தீர்மானிக்கும்

1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். அதன் பிறகு 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், 1996இல் அதன்கீழ் ‘சீமா’ எனப்படும் தொழில்துறைப் பெருவிபத்துக் கட்டுப்பாட்டு விதிமுறைகளும் நடப்புக்கு வந்தன.

ஒரு தொழிற்சாலை சீமாவுக்குள் வருமா என்பதை அதன் பெயரோ பரப்பளவோ முடிவு செய்வதில்லை. அங்குள்ள இரசாயனம் பட்டியலில் உள்ளதா, எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு பொருளின் வரம்பு 100 டன் என்று வைத்துக்கொள்வோம்.

• 100 டன் அல்லது அதற்கு மேல்: பேரபாய நிலையம். பாதுகாப்பு அறிக்கையும் அவசரகாலத் திட்டமும் கட்டாயம்.

• 10 டன்னுக்கு மேல், 100 டன்னுக்குள்: பேரபாயமற்ற நிலையம். ஆயினும் பாதுகாப்பாக இயங்குவதை நிரூபிக்க வேண்டும்.

• 10 டன்னும் அதற்குக் கீழும்: சீமா பொருந்தாது, 1994 சட்டம் பொருந்தும்.

கையிருப்பைக் கணக்கிட்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது தொழிற்சாலையின் கடமை. பேரபாய நிலையம் என்றால், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அக்கம்பக்கத்தில் வசிப்போருக்கும் அது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பட்டியலுக்கு வெளியே இருப்பதால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. சிறிய கிடங்கில் கசியும் நச்சுவாயுவும் உயிரைப் பறிக்கும்.