கால்குலேட்டரை ஏமாற்றும் 1729

மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 625001. இது பகா எண்ணா? 3, 7, 11 என்று வரிசையாக வகுத்துப் பார்த்தேன். 13-இல் மாட்டிக்கொண்டது: 13 × 48077. சின்ன எண் என்பதால் தப்பித்தேன். நெட் பேங்கிங் பூட்டுகள் சிலவற்றில் 300 இலக்கங்களுக்கும் மேற்பட்ட பகா எண்கள் தேவைப்படுகின்றன. அவற்றை இப்படி வகுத்துச் சோதிக்க ஆயுள் போதாது.

வகுக்காமலே சோதிக்க, பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1640-இல் எழுதிய விதி உதவும். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து சயின்டிஃபிக் முறைக்கு மாற்றுங்கள். அதில் 'மாட்' என்ற பட்டன் வகுத்தபின் வரும் மீதியை மட்டும் காட்டும். 17-ஐச் சோதிக்க, ஒன்று குறைத்து, 16 இரண்டுகளைப் பெருக்குங்கள்: 65536. மாட் 17 கொடுத்தால் மீதி 1. இரண்டைத் தவிர எல்லாப் பகா எண்ணுக்கும் 1-தான் வரும். 15-க்கு 14 இரண்டுகள்: 16384. மீதி 4. ஆக, 15 பகா எண் அல்ல. காரணிகளைத் தேடாமலே தெரிந்துவிட்டது!

அப்படியானால் மீதி 1 வந்தாலே பகா எண்ணா? அங்கேதான் சிக்கல். நம் ராமானுஜன் டாக்ஸி எண்ணாகப் புகழ்பெற்ற 1729-ஐ எடுங்கள். 36 இரண்டுகளைப் பெருக்கினால் 68719476736. மாட் 1729 கொடுங்கள். மீதி 1. 1728 என்பது 36-இன் 48 மடங்கு என்பதால் முழுவதும் பெருக்கினாலும் 1-தான். ஆனால் 1729 = 7 × 13 × 19! இரண்டுக்குப் பதில் 3, 5 போட்டாலும் இதே கதை. இப்படி ஏமாற்றும் எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர்.

இவற்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு. 1065-ஐ 1065-ஆல் பெருக்கி மாட் 1729 கொடுங்கள். மீதி 1. பகா எண்ணாக இருந்தால், அதைவிடச் சிறிய எண்களில் 1-உம், அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணும் மட்டுமே இப்படி 1 தரும். 1065 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? 54 இரண்டுகளைப் பெருக்கி 1729-ஆல் வகுத்த மீதி அது. இதுதான் மில்லர்-ராபின் சோதனை. இதிலும் ஒரு முறை பார்த்தால் ஏமாற வாய்ப்புண்டு. வேறு வேறு எண்களைப் போட்டுப் பலமுறை பார்த்தால் அந்த வாய்ப்பு மிக மிகக் குறைந்துவிடும்.

ஏமாறவே வாய்ப்பில்லாத, வேகமான சோதனையை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா வெளியிட்டார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள்! ஃபெர்மா விதியையே எண்களிலிருந்து இயற்கணிதக் கோவைகளுக்கு நீட்டியதுதான் அவர்கள் உத்தி. 2006-இல் கோடல் பரிசும் கிடைத்தது. ஆனாலும் நடைமுறையில் மில்லர்-ராபின்தான் இன்னும் வேகம். சாஃப்ட்வேர்கள் அதையே நம்புகின்றன.

அடுத்து 561-ஐ நீங்களே பிடியுங்கள். 35 இரண்டுகளைப் பெருக்கி மாட் 561 கொடுத்தால் 263 வரும். வரும் மீதியை அதனாலேயே பெருக்கி மறுபடி மாட் கொடுத்துக்கொண்டே போங்கள். மூன்றாம் முறையில் 1 வரும். அதற்கு முந்தைய மீதி 560 அல்ல என்பதைக் கவனியுங்கள்.