பாரிஸின் குளிர்கால மிதிவண்டி அரங்கம்

பனியும் மழையும் மிகுந்த நாடுகளில், குளிர்காலத்திலும் மிதிவண்டிப் பந்தயம் நடத்தும் பொருட்டு எழுந்தவை கூரையிட்ட ஓடுதள அரங்குகள். அவற்றுள் பெரும்புகழையும் பெரும்பழியையும் ஒருங்கே பெற்றது பாரிஸ் நகரின் 'வெலோட்ரோம் திவேர்'. குளிர்கால மிதிவண்டி அரங்கம் என்பதே அப்பெயரின் பொருள்.

'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தைத் தோற்றுவித்த இதழாசிரியர் ஹென்றி தெக்ராஞ்ஜின் முயற்சியால், ஈஃபில் கோபுரத்திற்கு அண்மையில் 1910இல் இவ்வரங்கம் திறக்கப்பெற்றது. வளைவுகளில் சுவர்போல் சரிந்து நின்ற, சுமார் 250 மீட்டர் நீளமுள்ள மர ஓடுதளம் அதன் சிறப்பு. 1913இல் அங்கே 'ஆறு நாள் பந்தயம்' தொடங்கிற்று. இருவர் ஓர் அணியாகி, ஒருவர் இளைப்பாற மற்றவர் ஓட்ட, இரவும் பகலும் சக்கரங்கள் சுழன்றன. ஆயினும் பந்தய வருவாய் மட்டும் அத்துணைப் பெரிய அரங்கைக் காக்கப் போதாது. ஆகவே குத்துச்சண்டைக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் அது வாடகைக்கு விடப்பட்டது.

1942 ஜூலை 16, 17 ஆகிய நாட்களில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பிரெஞ்சுக் காவலர் 13,152 யூதர்களைக் கைது செய்தனர். அவர்களுள் 4,115 பேர் குழந்தைகள். எண்ணாயிரத்திற்கு மேற்பட்டோர் இவ்வரங்கில் அடைக்கப்பெற்றனர். போதிய உணவின்றி, நீரின்றி, கழிப்பிட வசதியின்றி, கோடைவெப்பத்தில் அவர்கள் பல நாட்கள் தவித்தனர். பின்னர் இடைமுகாம்கள் வழியே ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பப்பெற்றனர். மீண்டோர் மிகச் சிலரே.

போர் முடிந்ததும் பந்தயங்கள் மீண்டும் நடந்தன. 1959இல் அரங்கம் இடிக்கப்பட்டது. அரசின் பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ழாக் சிராக் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதோ 1995இல்தான்.

அரங்கைக் கட்டுதலும் கணக்குப் பார்த்தலும் மட்டும் நிருவாகம் ஆகா. கதவு யாருக்காக, எதற்காகத் திறக்கப்படுகிறது என்று கேட்பதும் நிருவாகமே. அக்கேள்வி எழாத இடத்தில் கேளிக்கைக் கூடமும் சிறைக்கூடமாகும்.