ஆடி பிறழாத சிறு லேசர் கருவிகள்

திண்மப் பொருளை ஊடகமாகக் கொண்ட லேசர் கருவிகள் இன்று ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் அடங்கியவை அல்ல. படைப்பிரிவினர் இலக்கின் தொலைவை அளக்கவும், மருத்துவர் கண் சிகிச்சை செய்யவும், தொழிற்சாலையார் உலோகத்தில் குறியிடவும், விண்கலங்கள் கோள்களின் மேடுபள்ளங்களைக் கணிக்கவும் அவை பயன்படுகின்றன. ஆயினும் இக்கருவிகளுக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. ஆய்வு மேசையில் குறைவின்றி இயங்கிய கருவி, ஜீப்பில் நூறு கிலோமீட்டர் சென்றதும் ஒளி தராமல் நின்றுவிடும். மின்சாரம் பாய்கிறது, விளக்கு எரிகிறது, படிகமும் பழுதுபடவில்லை. ஆனால் ஆடி ஒன்று தன் நிலையினின்று மயிரிழை சாய்ந்திருக்கும், அவ்வளவே. இக்குறை எவ்வாறு உண்டாகிறது என்பதையும், அதை அமைப்பு முறையாலேயே நீக்க வகுக்கப்பட்ட வழிகள் யாவை என்பதையும் இக்கட்டுரை விளக்கும்.

மூன்று உறுப்புகள்

திண்ம லேசர் எதற்கும் மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. முதலாவது, படிகம் அல்லது கண்ணாடியாலான ஊடகம். இரண்டாவது, அதனுள் இருக்கும் அயனிகளை உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றும் ஒளி மூலம். மூன்றாவது, ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இரண்டு ஆடிகளாலான ஒத்ததிர்வறை.

உயர்நிலையில் உள்ள அயனியின் மீது தகுந்த அலைநீளமுள்ள ஒளி படும்போது, அவ்வயனி தன் ஆற்றலை அதே திசையிலும் அதே அலைநீளத்திலும் வெளிவிடும். தூண்டப்பட்ட இவ்வெளிவீச்சை ஐன்ஸ்டீன் 1917-ஆம் ஆண்டின் கட்டுரையில் விளக்கினார். ஒரு முறை படிகத்தைக் கடந்து செல்வதால் ஒளி பெறும் பெருக்கம் சிறிது. ஆகவே ஒளியைப் பலமுறை முன்னும் பின்னும் செலுத்தவேண்டும். இதற்காகவே ஆடிகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஒளியை முழுதும் திருப்பும். மற்றது ஒரு பகுதியை வெளியே விடும்.

1960-ஆம் ஆண்டு மே 16 அன்று அமெரிக்காவில் ஹியூஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தியோடர் மைமன் இயக்கிய முதல் லேசரில் தனியான ஆடிகளே இல்லை என்பது கருதத்தக்கது. கெம்புக்கோலின் இரு முனைகளையும் இணையாகத் தேய்த்து, அம்முனைகளின் மீதே வெள்ளிப் பூச்சு இட்டிருந்தார். கோலைச் சுற்றித் திருகுச் சுருளாக வளைந்த மின்வெட்டு விளக்கு ஒளியேற்றியது. ஆடியும் படிகமும் ஒரே உடலாக இருந்தமையால் அவை ஒன்றுக்கொன்று பிறழ வழியில்லை. பின்னர், ஒளியைத் தடுத்துத் திடீரெனத் திறந்துவிடும் திறப்பான்கள் முதலியவற்றை இடையே வைக்க நேர்ந்தபோது, ஆடிகள் படிகத்தினின்று பிரிந்தன. அன்று தொடங்கியதே நேர்ப்படுத்தும் சிக்கல்.

சாய்வின் கணக்கு

இரண்டு சமதள ஆடிகள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று ஒரு கோண நிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, சாய்ந்துவிட்டது. சாய்ந்த ஆடியில் படும் கதிர் ஒவ்வொரு முறையும் சாய்வைப் போல இருமடங்கு கோணம் திரும்பும். அத்திருப்பம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். முதற் சுற்றில் கதிர் அச்சினின்று ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் விலகுகிறது. இரண்டாம் சுற்றின் முடிவில் விலகல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுகிறது; நான்காம் சுற்றின் முடிவில் 3.5 மில்லிமீட்டர் ஆகிறது. படிகக் கோலின் விட்டம் 5 மில்லிமீட்டராயின், நடுவில் புறப்பட்ட கதிர் நான்காம் சுற்றிலேயே கோலை விட்டு வெளியேறிவிடும். பெருக்கம் நிறைவுறுமுன் ஒளி தப்பிவிடுவதால் லேசர் நின்றுபோகிறது.

ஒரு கோண நிமிடச் சாய்வு உண்டாக அடியோ அதிர்ச்சியோ தேவையில்லை, வெப்பமே போதும். ஆடிச் சட்டத்தை 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு தூண்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றின் உயரமும் 30 மில்லிமீட்டர். ஒன்று அலுமினியம், மற்றது எஃகு. வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அலுமினியத் தூண் எஃகுத் தூணைவிட ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் மிகுதியாக நீளும். அதனால் ஆடி சாய்வது 1.7 கோண நிமிடம். காலையில் இயங்கிய கருவி நண்பகலில் இயங்காமற் போவதற்கு இது போதுமான காரணமாகும். எனவே தாங்கிகளை ஒரே உலோகத்தால் சமச்சீராக அமைப்பது முதல் விதி.

குழியாடியின் உதவி

சமதள ஆடிகளுள் ஒன்றை நீக்கி அவ்விடத்தில் குழியாடியை வைத்தால் நிலைமை பெரிதும் மாறுகிறது. குழியாடியும் சமதள ஆடியும் கொண்ட அறையின் அச்சு, குழியாடியின் வளைவு மையத்தினின்று சமதள ஆடிக்கு வரையப்படும் செங்குத்துக் கோடேயாகும். சமதள ஆடி சாய்ந்தாலும் அத்தகைய செங்குத்துக்கோடு ஒன்று எப்போதும் இருக்கும். அச்சு சற்றே இடம் பெயருமேயன்றி மறைந்துவிடாது. வளைவு ஆரம் 50 சென்டிமீட்டராகவும், ஆடிகளின் இடைவெளி முன்போல் 30 சென்டிமீட்டராகவும் இருப்பின், ஒரு கோண நிமிடச் சாய்வினால் குழியாடியில் அச்சு நகர்வது 0.15 மில்லிமீட்டர் அளவே. சுற்றுகள் எத்தனையாயினும் இது பெருகுவதில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மேற்கூறிய அறையில் 1064 நானோமீட்டர் ஒளிக்கற்றை சமதள ஆடியில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் ஆரம் உடையதாய் ஒடுங்கி நிற்கும். 5 மில்லிமீட்டர் தடித்த கோலில் பெரும்பகுதி பயன்படாமல் வீணாகும். சுற்றிலும் ஒளிவீசும் விளக்கினால் கோல் முழுவதிலும் ஆற்றலை ஏற்றிவிட்டு, நடுவில் ஓர் இழையளவே பயன்படுத்துவது சிக்கனமன்று. ஒளியேற்றும் முறையே மாறவேண்டியிருந்தது.

விளக்கிலிருந்து டயோடுக்கு

1964-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. பெல் ஆய்வுக்கூடத்தார் யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்னும் படிகத்தில் நியோடிமியத்தைக் கலந்து லேசராக இயக்கினர். யாக் எனச் சுருக்கமாக வழங்குவது இதுவே. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் கீஸ், குவிஸ்ட் என்னும் இருவர், யுரேனியம் கலந்த கால்சியம் புளோரைடுப் படிகத்தைக் குறைகடத்தி டயோடு லேசரின் ஒளியால் இயக்கிக் காட்டினர். நம்பத்தக்க டயோடுகள் போதிய திறனுடன் கிடைத்த பின்னர் இவ்விரண்டும் ஒன்றுகூடின.

மின்வெட்டு விளக்கின் ஒளி பல நிறங்களிற் பரந்தது. அதிற் பெரும்பகுதியைப் படிகம் ஏற்காது. டயோடின் ஒளியோ நியோடிமியம் விரும்பி உறிஞ்சும் 808 நானோமீட்டரில் குவிந்துள்ளது. மேலும் அதை லென்சு வழியே படிகத்தின் முனையில் புகுத்தி, லேசர்க் கற்றை செல்லும் மெல்லிய இழையின் மீதே பொருந்தச் செய்யலாம். குழியாடி அறையின் ஒடுங்கிய கற்றை இப்போது குறையாகாமல் வசதியாகிறது.

எனினும் முனைவழி ஒளியேற்றத்தில் நேர்ப்படுத்தும் வேலை ஆடியினின்று லென்சுக்கு மாறுகிறது எனலாம். 0.2 மில்லிமீட்டர் புள்ளியாகக் குவிந்த ஒளி அதே அளவு விலகினால் ஏற்றிய ஆற்றல் கற்றைக்கு எட்டாது. இதைத் தவிர்க்க டயோடு, லென்சு, படிகம் மூன்றையும் ஒரே அடித்தட்டில் நிலையாகப் பதிப்பர். அல்லது டயோடின் ஒளியைக் கண்ணாடி இழை வழியே கொண்டுவருவர். கற்றையின் தரத்தைவிடத் துடிப்பின் ஆற்றலே முக்கியமாயின், பக்கவாட்டில் ஒளியேற்றுவது எளிது. அதில் இவ்வளவு நுண்ணிய பொருத்தம் தேவையில்லை.

களப்பணியாளர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். டயோடின் அலைநீளம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் வீதம் நகரும். பத்துப் பாகை வெப்பம் ஏறினால் 3 நானோமீட்டர் விலகி, யாக் படிகத்தின் உறிஞ்சு பட்டையின் உச்சியை விட்டு இறங்கிவிடும். ஒளி குறைந்தவுடன் ஆடித் திருகைத் தொடுவதற்கு முன்னர் டயோடின் வெப்பக் கட்டுப்பாட்டைச் சோதிப்பது நலம். தேவையின்றித் திருகைத் திருப்பினால் ஒன்றாயிருந்த கோளாறு இரண்டாகும்.

முப்பட்டகம் காட்டும் வழி

செங்கோணமாகக் கூடிய இரு பரப்புகளில் அடுத்தடுத்து எதிரொளிக்கும் கதிர், வந்த திசைக்கு இணையாகவே திரும்பும். பரப்புகள் இரண்டும் சேர்ந்து சிறிது சுழன்றாலும் இவ்வியல்பு மாறாது. இரண்டு முகக் கண்ணாடிகளைச் செங்கோணத்தில் நிறுத்தி, அவை கூடும் விளிம்பை நோக்கினால் பார்ப்பவரின் முகம் தெரியும். கண்ணாடிகளைச் சேர்த்துச் சிறிது திருப்பினாலும் முகம் அவ்விடத்திலேயே நிற்கும். ஆசிரியர் இதை வகுப்பறையில் எளிதில் காட்டலாம்.

போரோ முப்பட்டகம் இத்தத்துவத்தைப் பயன்படுத்துகிறது. அதன் கூரை விளிம்பை அச்சாகக் கொண்டு நேரும் சாய்வு கதிரைப் பாதிக்காது. அதற்குக் குறுக்கான சாய்வு மட்டும் சமதள ஆடியிற்போலப் பாதிக்கும். ஆகவே ஒத்ததிர்வறையின் இரு முனைகளிலும் இரு முப்பட்டகங்களை வைத்து, அவற்றின் கூரை விளிம்புகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அமைப்பர். ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. முப்பட்டகங்கள் ஒளி முழுவதையும் உள்ளேயே திருப்பிவிடுவதால் வெளிவிடும் ஆடிக்கு இடமில்லை. அறைக்குள் ஒளியின் தளவிளைவைப் பிரிக்கும் தகடு ஒன்றை வைத்து அதன் வழியே ஒளியை வெளிக்கொணர்வர்.

1996-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஏவிய செவ்வாய் ஆய்வுக்கலத்தின் உயரமானியில், டயோடால் ஒளியேற்றப்பட்ட இத்தகைய குறுக்கு முப்பட்டக லேசர் அமைந்திருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளை அனுப்பி அது செவ்வாயின் நில அமைப்பைப் பதிவு செய்தது. இந்தியா 2008 அக்டோபர் 22 அன்று ஏவிய சந்திரயான்-1 கலமும் நியோடிமியம் யாக் லேசர் ஒன்றைச் சுமந்து சென்றது. 1064 நானோமீட்டரில் வினாடிக்குப் பத்துத் துடிப்புகள், துடிப்பொன்றுக்கு 10 மில்லிஜூல் என்பது அதன் அளவு. ஏவூர்தியின் கடும் அதிர்வைத் தாங்கிச் சென்ற பின், அங்கே ஆடித் திருகைத் திருப்ப ஆளில்லை. அமைப்பிலேயே உறுதி இல்லாத லேசர் அத்தகைய பணிக்கு உதவாது என்பது தெளிவு.

ஒரே துண்டான லேசர்

நேர்ப்படுத்தும் வேலையை அறவே நீக்கும் வழி, மைமனின் தொடக்கத்திற்கே மீள்வதாகும். 1985-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேன், பையர் ஆகியோர் ஒரே யாக் துண்டின் பட்டைகளே ஆடிகளாய் அமைந்த வளைய லேசரை வெளியிட்டனர். 1989-ஆம் ஆண்டில் லிங்கன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜேஹௌஸ்கி, மூராடியன் ஆகியோர் சில்லு லேசரை வெளியிட்டனர். அகன்ற படிகத் தகட்டின் இரு பக்கங்களையும் இணையாக மெருகிட்டு, அவற்றின் மீதே ஆடிப்பூச்சு இட்டு, பின்பு சிறு சதுரங்களாக அறுப்பது இதன் செய்முறை. தகடு முழுவதற்கும் ஒருமுறை செய்த இணைமை, அறுபட்ட ஒவ்வொரு துண்டிலும் நிலைத்திருக்கிறது. தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவே ஆதலால், முன்பு கணக்கிட்ட 30 சென்டிமீட்டர் அறையைவிடக் கதிர் விலகல் முந்நூறில் ஒரு பங்காகக் குறைகிறது.

இரு சமதள முகங்களுக்கிடையே கற்றை எவ்வாறு பரவாமல் நிற்கிறது என்னும் வினா எழலாம். 808 நானோமீட்டரில் உட்புகும் ஆற்றல் 1064 நானோமீட்டரில் வெளிவரும்போது நூற்றுக்கு 24 பங்கேனும் வெப்பமாகிப் படிகத்தில் தங்குகிறது. ஒளி புகும் நடுப்பகுதி மிகுதியாகச் சூடேறுவதால் அங்கே ஒளிவிலகல் எண் உயர்கிறது. முகமும் சிறிது புடைக்கிறது. ஆகவே தட்டையான சில்லு குவிலென்சு போல் செயற்படுகிறது. பெரிய லேசர்களில் தொல்லையாகக் கருதப்படும் இவ்வெப்ப லென்சே சில்லு லேசரில் கற்றையைக் கட்டி நிறுத்தும் துணையாகிறது. குரோமியம் கலந்த மற்றொரு யாக் தகட்டை இதனோடு ஒட்டினால், அது தானியங்கும் திறப்பானாகி ஒரு நானோ வினாடிக்கும் குறுகிய துடிப்புகளைத் தருகிறது. இவ்வமைப்பின் குறை, ஒரு துடிப்பில் பெறக்கூடிய ஆற்றல் சிறிது என்பதே.

கண்ணுக்குப் புலனாகாத ஆபத்து

பள்ளிகளில் சுட்டுகோலாகப் பயன்படும் பச்சை லேசர்களுள் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. 808 நானோமீட்டர் டயோடு, நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தை இயக்குகிறது. அதனோடு ஒட்டப்பட்ட இரண்டாவது படிகம் 1064 நானோமீட்டர் ஒளியை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. ஒட்டிய படிகங்களின் வெளிமுகங்களே ஆடிகள். கருவி மலிவாக இருப்பதற்கும் கீழே விழுந்தும் இயங்குவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் மாறாமல் எஞ்சிய அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க முனையில் ஒரு வடிகட்டி இருக்கவேண்டும். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் சோதித்த மலிவான கருவி ஒன்று, மங்கிய பச்சை ஒளியோடு ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பையும் வெளியிட்டது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; ஆகவே இமை மூடாது; விழித்திரை மட்டும் புண்படும். பச்சை மங்கியிருப்பதால் கருவி வலுவற்றது என்று கொள்வது தவறு. இத்தகைய கருவியை மாணவர் முகத்தை நோக்கியோ, பளபளக்கும் பரப்பின் மீதோ பிடித்தல் கூடாது. அதைப் பிரித்துக் காட்டுவது முற்றிலும் தவிர்க்கத்தக்கது.

சுருங்கக் கூறின், ஆடி பிறழாமைக்கு வழிகள் நான்கு: அறையைக் குறுக்குதல், குழியாடி அமைத்தல், முப்பட்டகங்களைக் குறுக்காக வைத்தல், ஆடியையும் படிகத்தையும் ஒரே உடலாக்குதல். மிகுந்த ஆற்றல் வேண்டுமிடத்தில் முப்பட்டகமும், நேர்த்தியான கற்றை வேண்டுமிடத்தில் குழியாடியும், சிறுமையும் மலிவும் வேண்டுமிடத்தில் சில்லும் ஏற்றவை. கருவியின் பணியை முதலில் தெளிந்து, அதற்கேற்ற அமைப்பைத் தேர்வதே களத்தில் அதற்கு நீண்ட ஆயுளைத் தரும்.