கிளறினால் கிளம்பும் பூதம்!

"துணி காயப்போட்டா துணியெல்லாம் நாத்தம். ராத்திரியானா பையனுக்கு இருமல். பழைய குப்பையைத் தோண்டி அள்றது நல்லதுதானேப்பா, அப்புறம் ஏன் இப்படி?" பெருங்குடியில் குடியிருக்கும் தோழி கேட்டாள்.

நல்லதுதான். ஆனால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிடக் கூடாதே!

தென்சென்னையின் மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய பஞ்சு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. இதன் ஓரத்தில், பெருங்குடியில்தான் பல வருஷங்களாக மாநகரக் குப்பை மலையாகக் குவிந்தது. அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிற வேலைக்குப் பெயர் 'பயோமைனிங்'.

காற்றுப் புகாமல் மக்கிய குப்பைக்குள் மீத்தேன் வாயு அடைந்து கிடக்கும். கிளறும்போது அது வெளியேறும். காற்றும் உள்ளே போகும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ள. 2022 ஏப்ரலில் இந்தக் குப்பை மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கிறதா?

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு ரொம்ப அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சு' என்று குழிக்குள் இறங்கும் தொழிலாளிக்கு உயிரே போகலாம்.

சேற்றிலும் ஆபத்து உண்டு. அதில் அடங்கிக் கிடக்கும் ஈயம், காட்மியம் போன்றவை தோண்டிக் காற்றுப் பட்டதும் தண்ணீரில் கரையத் தொடங்கும். குப்பையின் கருப்புச் சாறு நிலத்தடி நீரிலும் கலக்கும்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* கிணறு, போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், ஈயம் போகாது.
* வீட்டுத் தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.
* புகை வந்தால் ஜன்னலைச் சாத்துங்கள். நுண்துகளைக் கைக்குட்டை தடுக்காது. என்-95 மாஸ்க் வேண்டும்.
* குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ இருமல், இளைப்பு நீடித்தால் கைவைத்தியத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியே மூடி வைத்தாலும் விஷம் கசியத்தான் செய்யும். அதனால் தோண்டத்தான் வேண்டும், பக்குவமாக! வாயுவை அளந்து, தண்ணீர் தெளித்து, சாற்றைத் தனியே பிடித்து, லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடி...

"இதெல்லாம் நடக்குதான்னு யாரைக் கேட்கிறது?" என்றாள் தோழி.

வார்டு கவுன்சிலரை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை. தனியாக அல்ல, தெருவே சேர்ந்து, எழுத்து மூலமாகக் கேளுங்கள்!