பழைய லொறியும் அதன் புகைக்குழாயும்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதையில் இரவு வேளையில் ஒரு பழைய லொறி வருமாயின், அதன் விளக்கொளி கண்ணிற்படுவதற்கு நெடுநேரம் முன்னரே அதன் முழக்கம் காதில் விழுந்துவிடும். பகலில் அதே லொறி அவ்வளவு தொலைவுக்குக் கேட்பதில்லை. இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால், மேலெழும் ஒலி சிதறிப் போகாமல் மீண்டும் நிலத்தை நோக்கி வளைகின்றது. ஊர் உறங்கும் நேரத்தில் ஓசை ஊருக்குள் இறங்குவதற்கு இதுவே காரணம்.

வன்னியில் பழைய லொறிகள் இன்னும் ஓடுவது பழம்பொருள் மீதுள்ள ஆசையினால் மட்டுமன்று. இங்கிலாந்தின் வோக்ஸ்ஹோல் நிறுவனம் 1931ஆம் ஆண்டு முதல் பெட்போர்ட் என்னும் பெயரில் செய்த லொறிகள், நெல்லும் மரமும் மணலும் சுமப்பதற்கு ஏற்ற எளிய யந்திரங்களாக இருந்தன. 1990ஆம் ஆண்டுக்குப் பின் எரிபொருள் வரவு தடைப்பட்ட காலத்தில், பெற்றோல் எஞ்சின்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் ஓட்டினார்கள். புதிய யந்திரங்களுக்கு அந்தப் பொறுமை இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் மண்ணெண்ணெய் முற்றாக எரியாமல் கரியாகப் படிந்தது, சைலன்சர்கள் அடைபட்டன, அடைபட்டவற்றைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்குழாயுடன் ஓட்டும் வழக்கமும் ஏற்பட்டது. அத்தகைய லொறியை இன்று வைத்திருப்பவர் அதை அமைதியாக ஓடச் செய்வது எவ்வாறு?

முதலில் ஓசை எங்கிருந்து பிறக்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். எஞ்சினின் வால்வு திறக்குந்தோறும் அழுத்தமுள்ள சூடான வாயு ஒரு வீச்சாக வெளியே பாய்கின்றது. ஆறு உருளைகளுள்ள பெட்போர்ட் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தடவை சுழலும்போது, இத்தகைய வீச்சுகள் செக்கனுக்கு 100 எழுகின்றன. அடிவயிற்றில் உணரப்படும் அந்தக் கனத்த முழக்கம் இதுவே. இதனோடு குழாயின் ஓரங்களில் வாயு உராய்ந்து எழுப்பும் சீறலும் சேர்கின்றது. இந்த இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்க இயலாது.

சீறலை அடக்குவது பஞ்சுவகைச் சைலன்சர். துளைகளிட்ட நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடைத்து மேலே தகட்டினால் மூடியிருப்பார்கள். இதில் வாயு தடையின்றிச் செல்லும். ஆயினும் முழக்கம் பெரிதும் குறையாது. முழக்கத்தை அடக்குவது அறைவகைச் சைலன்சர். அதனுள்ளே தடுப்புத் தகடுகளும் சிறு அறைகளும் இருக்கும். ஓர் அறையிலிருந்து திரும்பி வரும் ஒலியலை எதிரே வரும் அலையைச் சந்தித்து அதன் வலிமையைக் குறைக்கின்றது. ஆதலின் எஞ்சினுக்கு அருகில் அறைவகையொன்றும், பின்னால் சிறிய பஞ்சுவகையொன்றும் பூட்டுவது நல்ல ஏற்பாடு. செலவுக்கு ஒன்றே இயலுமாயின் அறைவகையைத் தெரிந்துகொள்ளலாம். பஞ்சு எண்ணெய்ப் புகையில் நனைந்து சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போகும்.

அறைவகையில் உருவளவே பெரிது. அமைதி வேண்டுவோர் எஞ்சின் கொள்ளளவின் பத்து மடங்கு வரை கொள்ளக்கூடிய சைலன்சரைத் தேடலாம். மூன்றரை லீற்றர் எஞ்சினுக்கு 35 லீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு புசல் நெல் கொள்ளும் கலம். காரில் இதற்கு இடமில்லை. லொறியின் சட்டத்துக்குக் கீழே தாராளமாக இடமுண்டு. சிறிய காரின் சைலன்சரை மலிவு கருதிப் பூட்டுவதும், குழாயின் வாயைத் தட்டி ஒடுக்குவதும், உள்ளே இரும்புத் துண்டுகளைச் செருகுவதும் கராஜ்களில் காணப்படும் குறுக்கு வழிகள். ஓசை குறையும் என்பது மெய்தான். ஆனால் வெளியேற முடியாத வாயு எஞ்சினுக்குள்ளேயே தங்கும், இழுவை குறையும், எரிபொருள் கூடும், வால்வுகள் கருகும். பழைய எஞ்சினுக்குப் புது வால்வு தேடி அலைந்தவருக்கு அந்த அமைதியின் விலை தெரியும். நுழைகுழாயின் உள்விட்டம் மனிபோல்டின் வாயளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

புதிய சைலன்சர் வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டிய சோதனையொன்றுண்டு; அதைச் செய்தவர்களிற் சிலர் எதையும் வாங்காமலே திரும்பியிருப்பார்கள். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் லொறியை உயிர்ப்பித்து, குழாயின் கடைவாயை நனைந்த தடித்த துணியால் ஒருவர் சில கணம் மூடட்டும். மற்றொருவர் மூட்டுகளில் காது கொடுக்கட்டும். சீறும் இடமெல்லாம் ஒழுக்கு. மனிபோல்டின் காஸ்கெட்டில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும், எத்தகைய சைலன்சரும் பயன்தராது. கரிக்கோடு படிந்த மூட்டும் அவ்வாறே. பழைய குழாய்களில் கல்நார்க் கயிறு சுற்றியிருந்தால், அதை நன்றாக நனைத்தே அகற்றுதல் வேண்டும். உலர்ந்த நிலையில் உதறினால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

ஒழுக்கின் தீங்கு ஓசையோடு நிற்பதில்லை. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலுவாகப் பற்றிக்கொள்ளும். பலகைத் தரையின் இடுக்குகள் வழியே அது முன்னறைக்குள் ஏறுமாயின், ஓட்டுநருக்குத் தலைவலியும் தூக்கமும் வரும்; வெயிலென்றும் களைப்பென்றும் அவர் எண்ணிக்கொள்வார். அருகில் உறங்கிவரும் கிளீனரின் நிலை அதனினும் கொடிது, ஏனெனில் அவர் உறங்குவதில் எவரும் ஐயங்கொள்வதில்லை.

பெற்றோல் எஞ்சினில் மற்றொன்றும் நேரும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கும்போது எரியாத எரிபொருள் சூடான சைலன்சருக்குள் செல்கின்றது. ஒழுக்கு வழியே உறிஞ்சப்பட்ட காற்று அதனோடு சேர்ந்தால், வேட்டுப்போல் வெடிக்கும். 2009 வரை போரின் நடுவில் வாழ்ந்த மக்களிடையே இதை வெறும் தொல்லை என்று தள்ளிவிட முடியாது. பரந்தன் சந்தியிலோ புதுக்குடியிருப்புச் சந்தையிலோ அவ்வாறு ஒரு லொறி வெடித்தால், கடையில் நிற்கும் முதியவள் தன்னை அறியாமலே குனிந்து தலையை மூடிக்கொள்வாள். மூட்டுகளை அடைத்து, தீப்பொறி விழும் நேரத்தையும் காபரேற்றரையும் சரிசெய்தால் இந்த வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். பெற்றோல் எஞ்சினுக்குப் பதிலாக டீசல் எஞ்சின் பூட்டிய லொறிகளில் இந்த வெடிப்பு இல்லை. ஆனால் அவற்றின் தட்டொலி எஞ்சினுக்குள்ளேயே எழுவதாதலின், அதைச் சைலன்சரிடம் எதிர்பார்த்தல் வீண்.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரும் உண்டாகின்றது. நெடுந்தூரம் ஓடும் லொறியில் அது ஆவியாகப் போய்விடும். வயலுக்கும் ஆலைக்குமிடையே இரண்டு மைல் ஓடி நிற்கும் லொறியிலோ, சூடேறாத சைலன்சரின் அடியில் தேங்கிவிடும். ஆகையால் மிகத் தாழ்ந்த இடத்தில் ஊசித்துளையொன்று இடுவது நன்று; இயலுமானவர் துருவேறா உருக்கில் செய்விக்கலாம். குழாயைச் சட்டத்தோடு இறுக்கி வெல்டிங் செய்யலாகாது. இறப்பர்ப் பட்டியில் தொங்கவிட்டால், எஞ்சினின் அதிர்வு மரப்பெட்டியை முரசாக்காது. சூட்டில் நீளும் குழாயும் வெடிக்காது.

கடைவாய் பெட்டியின் பின்னோரத்தைத் தாண்டி, வீதியோரத்தில் நடப்போர் மீது புகை வீசாதவாறு வலப்புறம் நோக்கி இருத்தல் தகும். காலபோக அறுவடையின்போது லொறி வயலுக்குள் இறங்குமாயின், குழாய்க்கும் நிலத்துக்குமிடையே உள்ள இடைவெளியைப் பார்த்த பின்னரே நிறுத்த வேண்டும். இரணைமடுவின் கீழுள்ள வயல்களில் வைக்கோல் காய்ந்து கிடக்கும் நாட்களில், அதைத் தொடும் ஒரு சூடான சைலன்சர் போதும்.